போன வீட்டுக்கா, வரப்போகும் வீட்டுக்கா? - புயல் நிவாரணம் பற்றி ஒரு பார்வை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைச் சூறையாடிவிட்டு, வலுக்குறைந்த நிலையில் திண்டுக்கல் பக்கமாக மேற்கே போனது. லட்சக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. மதுரையில் இருந்து போர்வையும் பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் டெல்டாவுக்குப் போயின. கல்லூரி மாணவர்கள் உண்டியல் குலுக்கினார்கள். நல்ல விஷயம் தான்.

ஆனால் பாயும் போர்வையும் ஒரு மாதத்துக்குத் தான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்கே தூங்குவது? விழுந்த வீட்டைத் திரும்பக் கட்ட யார் பணம் தருவது, எவ்வளவு தருவது, எந்தக் கணக்கில் தருவது? டி.வி. கேமராக்கள் போன பிறகு தான் இந்தக் கேள்வி வரும். அதனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இதில் அரசியல் கட்சிகளைத் திட்டுவது சுலபம். ஒரு ஆட்சி குறைவாகக் கொடுத்தது, இன்னொரு ஆட்சி தாமதமாகக் கொடுத்தது என்று பட்டியல் போடலாம். ஆனால் குறை அதற்கும் கீழே இருக்கிறது. வீட்டுக்கான நிவாரணத்தை அளக்கும் அளவுகோலே தவறு. விழுந்த வீடு எப்படிப்பட்டது என்று பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். எழும்ப வேண்டிய வீட்டுக்கு என்ன செலவாகும் என்று பார்ப்பதில்லை.

ஒரு வார்த்தை, பதினைந்து மடங்கு

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் இருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2015-20 காலத்துக்கான பட்டியலில், சமவெளிப் பகுதியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். அதே பட்டியலில் குடிசைக்கு 4,100 ரூபாய். 2022-26 காலத்துக்கான பட்டியலில் வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய்.

வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? இரண்டாவது பட்டியலின்படி வீட்டுக்கும் குடிசைக்கும் இடையே பதினைந்து மடங்கு. முதல் பட்டியலில் இன்னும் மோசம், இருபத்து மூன்று மடங்கு.

சரி, குடிசை என்றால் என்ன? ஓலை, மண், பிளாஸ்டிக் ஷீட் போன்றவற்றால் ஆன தற்காலிக இருப்பிடம், கச்சா வீட்டையும் விடத் தாழ்ந்தது, மாவட்ட அதிகாரிகளால் குடிசை என்று வழக்கமாக அறியப்படுவது. பட்டியலில் இருக்கும் விளக்கத்தின் சாரம் இவ்வளவு தான். அதாவது, மண் சுவர் வைத்த ஒரு வீட்டைக் கச்சா வீடு என்று எழுதினால் 1,20,000. குடிசை என்று எழுதினால் 8,000. எழுதும் பேனா கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கிறது. அவருக்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளைப் பார்த்து எழுதச் சொன்னால், சந்தேகம் வருகிற இடத்தில் யாரும் சிறிய தொகையைத் தான் எழுதுவார்கள். பெரிய தொகையை எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும். சிறிய தொகையை எழுதினால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

இன்னொரு நிபந்தனையும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இடிந்த வீடு முறையான அனுமதி பெற்ற கட்டடம் என்று மாநில அரசின் உரிய அதிகாரி சான்று தர வேண்டும். பட்டா இல்லாத புறம்போக்கில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் குடும்பம் அந்தச் சான்றுக்கு எங்கே போகும்?

தமிழக அரசு மத்திய அரசின் பட்டியலை விடச் சில நேரம் அதிகமாகவே கொடுத்திருக்கிறது. கஜாவின் போது முழுமையாகச் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது குடிசைக்கு 8,000 ரூபாய். 2024 முடிவில் ஃபெஞ்சல் புயலின் போது மறுபடியும் 10,000 ரூபாய். ஆறு வருடம் கழித்தும் அதே பத்தாயிரம்! இந்த ஆறு வருடத்தில் சிமெண்டும் கம்பியும் மணலும் எந்த விலைக்குப் போயின என்று வீடு கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாலைந்து நாள் சம்பளம் கொடுத்தாலே அந்தப் பணம் கரைந்துவிடும். "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அப்படியானால் பத்தாயிரம் வாங்கிய குடும்பம் என்ன செய்யும்? நாலு கம்பு, கொஞ்சம் கீற்று, ஒரு தார்ப்பாய். விழுந்த குடிசை இருந்த இடத்திலேயே இன்னொரு குடிசை. அடுத்த புயலில் அதுவும் விழும். மறுபடி பத்தாயிரம். அரசும் செலவு செய்துகொண்டே இருக்கிறது, குடும்பமும் விழுந்துகொண்டே இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இது சிக்கனம் கூட இல்லை.

அமெரிக்காவிலும் இதே தவறு

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று நினைத்தால் அது தவறு. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கியது. வீட்டுச் சொந்தக்காரர்கள் திரும்பக் கட்டிக்கொள்ள "ரோடு ஹோம்" என்ற திட்டத்தை லூசியானா மாநிலம் மத்திய அரசின் பணத்தில் நடத்தியது. ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம் டாலர்.

கேட்க நன்றாகத் தான் இருக்கிறது. ஆனால் தொகையைக் கணக்கிட்ட விதம்? புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை ஒரு பக்கம், திரும்பக் கட்ட ஆகும் செலவு மறுபக்கம். இரண்டில் எது குறைவோ அது தான் கணக்குக்கு அடிப்படை. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு விலை குறைவு. வெள்ளையர் பகுதிகளில் விலை அதிகம். ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், கட்ட ஆகும் செலவும் ஒன்றே. ஆனால் கையில் கிடைத்த பணம் வேறு வேறு. செங்கல் விற்கிறவர் கறுப்பருக்கு ஒரு விலை, வெள்ளையருக்கு ஒரு விலை என்றா விற்கிறார்?

2008-ல் வழக்குப் போட்டார்கள். 2011-ல் சமரசம் ஏற்பட்டு, குறைவாகப் பெற்றவர்களுக்கு மேலும் 6 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது. பலர் ஊருக்குத் திரும்பாமல் வேறு எங்கோ குடியேறிவிட்டார்கள்.

அங்கே சந்தை விலை, இங்கே குடிசை என்ற சொல். இரண்டும் செய்வது ஒன்று தான். ஏற்கெனவே குறைவாக வைத்திருந்தவருக்குக் குறைவாகவே கொடுப்பது.

பக்கத்து மாநிலம் என்ன செய்தது?

கஜாவுக்கு மூன்று மாதம் முன்பு, 2018 ஆகஸ்டில், கேரளத்தில் பெருவெள்ளம். அங்கேயும் மத்திய அரசின் அதே 95,100 ரூபாய் பட்டியல் தான். ஆனால் கேரள அரசு முதலமைச்சர் நிவாரண நிதியில் இருந்து மேல்தொகை போட்டு, முழுமையாக இடிந்த வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. அதோடு நிற்கவில்லை. சேதத்தைச் சதவீதமாகப் பிரித்தது. 15 சதவீதம் வரை 10,000 ரூபாய். 16 முதல் 29 வரை 60,000. 30 முதல் 59 வரை 1,25,000. 60 முதல் 74 வரை 2,50,000. அதற்கு மேல் 4 லட்சம். சேதத்தைப் பதிவு செய்ய ஒரு செல்போன் செயலியும் பயன்படுத்தினார்கள்.

கேரளத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லவில்லை. தாமதம், விடுபட்ட பெயர்கள், மேல்முறையீடுகள் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் அளவுகோல் சரியாக இருந்தது. "உன் வீடு என்ன ஜாதி வீடு?" என்று கேட்காமல் "எவ்வளவு இடிந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்கள். கேள்வி சரியாக இருந்தால் பதிலில் வரும் தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். கேள்வியே தவறாக இருந்தால்?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல

இவ்வளவு ஏன், தமிழ்நாடே இதைச் செய்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் கட்டித்தரப்பட்ட வீடுகளுக்கு, சுமார் 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் என்று 2005 மார்ச்சில் போட்ட அரசாணையில் கணக்கிட்டார்கள். முன்பு ஓலைக் குடிசையில் இருந்த மீனவக் குடும்பத்துக்கும் அதே வீடு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை, பத்து வருடக் காப்பீடு. கடலை விட்டுத் தூரமாக வீடு கொடுத்தது, சில இடங்களில் கட்டுமானம் மோசமாக இருந்தது என்று அந்தத் திட்டத்திலும் குறைகள் உண்டு. ஆனால் "நீ குடிசையில் இருந்தாய், குடிசைக்கான பணத்தை வாங்கிக்கொள்" என்று யாரும் சொல்லவில்லை.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட பிறகு, குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று திட்டம் வந்தது. கஜாவுக்குப் பிறகு 1,700 கோடி ரூபாயில் ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்துக்குப் பிறகு புதிய வீட்டுக்கு 4 லட்சம் வரை, பழுது பார்க்க 2 லட்சம் வரை என்று அறிவித்தார்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு, குடிசை இழந்தவர்களுக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் முன்னுரிமை என்றார்கள்.

எல்லாம் நல்லது தான். ஆனால் ஒவ்வொன்றும் தனி அறிவிப்பு. எந்தப் புயல், எவ்வளவு பெரிய செய்தி, தேர்தல் எவ்வளவு பக்கத்தில், மத்திய அரசு எவ்வளவு கொடுத்தது என்று எல்லாவற்றையும் பார்த்து அந்தந்த நேரத்தில் முடிவாகிறது. கஜாவுக்கு மாநிலம் கேட்டது 15,000 கோடி. 2018 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு ஒப்புதல் அளித்த கூடுதல் உதவி 1,146 கோடி. இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது அதிர்ஷ்டமாகிவிடுகிறது.

பெயர் இல்லாத மழை

இங்கே தான் மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டும். மதுரை கடற்கரையில் இல்லை. புயல் வந்தாலும் இங்கே வந்து சேரும்போது மழையாகத் தான் வருகிறது. அதனால் மதுரையில் வீடு விழுந்தால் அதற்குப் பெயர் கிடையாது. கஜாவும் இல்லை, ஃபெஞ்சலும் இல்லை. வெறும் மழை!

ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் மண் சுவர் வைத்த ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கின்றன. மழைத் தண்ணீர் சுவரின் அடிப்பாகத்தில் தெறித்துத் தெறித்து மண்ணைக் கரைக்கும். மேல் சுவர் ஊறி எடை கூடும். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதில் நிற்கும் சுவர் விரிசல் விடும். அந்த விரிசலில் அடுத்த மழை இறங்கும். மழை விட்ட பிறகு கூட இப்படி ஊறிய சுவர் விழலாம். 2025 மே மாதம் மதுரைக்குத் தெற்கே வலையங்குளத்தில் மழையின் போது வீட்டுச் சுவர் இடிந்து மூன்று பேர் இறந்தார்கள். அது புயல் காலம் கூட இல்லை, கோடை மழை.

நகரத்துக்குள்ளும் நிலைமை அப்படித் தான். 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர், கட்டபொம்மன் நகர், பீ.பீ.குளம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்மாய் நிரம்பினால் தண்ணீர் போக வழி வேண்டும். வழியில் வீடு இருந்தால் வீட்டுக்குள் தான் போகும்.

இப்படித் தனித்தனியாக விழும் வீடுகளுக்குச் சிறப்புத் தொகுப்பு வருவதில்லை. ஆயிரம் வீடு ஒரே இரவில் விழுந்தால் அது செய்தி. மேலூரில் ஒன்று, உசிலம்பட்டியில் ஒன்று, வாடிப்பட்டியில் ஒன்று என்று ஒரு பருவமழை முழுக்க விழுந்தால் அது செய்தி இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது பட்டியலில் உள்ள தொகை மட்டும். ஆனால் வீட்டை இழந்தவருக்குப் பக்கத்து வீடு நின்றால் என்ன, விழுந்தால் என்ன? இழப்பு ஒன்று தானே?

எதிர்ப்பவர்கள் சொல்வது

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, அரசிடம் அவ்வளவு பணம் இல்லை என்பது. ஆனால் குடிசை மாற்றும் திட்டத்துக்குப் பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது. 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று இலக்கு. மழையில் விழுந்த குடிசையை அந்த வரிசையின் முதலில் வைப்பது மொத்தச் செலவைக் கூட்டாது. எப்படியும் கட்டப்போகும் வீட்டை முன்னதாகக் கட்டுகிறார்கள், அவ்வளவு தான். மேலும் 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கான பேரிடர் நிதியில் 30 சதவீதத்தை மீட்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் என்று தனியாகவே பிரித்தது. நிவாரணம் வேறு, திரும்பக் கட்டுவது வேறு என்று டெல்லியே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

இரண்டாவது, பொய்க் கணக்கு வரும் என்பது. வரும் தான். நிவாரணம் என்றதும் ஒரே இரவில் குடிசை முளைக்கும் என்று சொல்வது முழுப் பொய் அல்ல. ஆனால் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை எல்லாம் ஒரே இரவில் முளைக்காது. பருவமழைக்கு முன்பே ஊராட்சியில் பலவீனமான வீடுகளைப் படம் எடுத்துப் பட்டியல் போட்டு, கிராம சபையில் வாசித்துவிட்டால் பாதிப் பொய் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவது மறுப்பு தான் கனமானது. புறம்போக்கிலும் கண்மாயிலும் இருப்பவர்களுக்குப் பணம் கொடுத்தால் ஆக்கிரமிப்பை அரசே ஊக்குவித்தது போல ஆகாதா? நியாயமான கேள்வி. கண்மாய்களை இழந்ததால் தான் மதுரை மிதக்கிறது. ஆனால் தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகமும், உலகனேரி கண்மாய் இருந்த இடத்தில் உயர்நீதிமன்றக் கிளையும் நிற்கும் ஊரில், ஏழையிடம் மட்டும் "கண்மாயில் ஏன் கட்டினாய்?" என்று கேட்பது சரியா? கண்மாய்க்குள் திரும்பக் கட்டப் பணம் தர வேண்டாம். அது ஆபத்தும் கூட. ஆனால் மாற்று இடமும் அங்கே கட்டுவதற்கான உதவியும் தரலாமே? நிலம் சட்டவிரோதமாக இருக்கலாம். மழையில் நனையும் குழந்தை சட்டவிரோதம் இல்லை.

என்ன செய்யலாம்?

1. வீட்டுக்கான உதவித் தொகையை இடிந்த வீட்டின் வகையை வைத்து நிர்ணயிக்காமல், அரசின் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவை வைத்து நிர்ணயிக்க வேண்டும். அந்தச் செலவு கூடும்போது இதுவும் தானாகக் கூட வேண்டும்.

2. முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று இரண்டே கட்டம் போதாது. கேரளம் போல ஐந்து படி வேண்டும்.

3. முதல் தவணையை வேலை தொடங்கும் முன்பே தர வேண்டும். அடித்தளம் போட்ட பிறகு பணம் என்றால், அடித்தளம் போடும் பணத்துக்கு வட்டிக்காரரிடம் தான் போக வேண்டும். வீடு எழும்பும் முன்பே கடன் எழும்பிவிடும்.

4. ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன வகை, எவ்வளவு தொகை, என்ன காரணம் என்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். பேனா பிடிக்கும் அதிகாரிக்கும் இது பாதுகாப்பு தான்.

5. இந்த விதி பெயர் வைத்த புயலுக்கும் பெயர் இல்லாத மழைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். புயல் வந்த பிறகு அறிவிக்கும் சலுகையாக இல்லாமல், வருவதற்கு முன்பே அரசாணையாக இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவுமே புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஒவ்வொன்றும் எங்கேயோ, எப்போதோ நடந்திருக்கிறது. சிலது தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே விதியாக எழுதுவது தான் பாக்கி.

ஒவ்வொரு ஐப்பசியிலும் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று வானிலைச் செய்தி வரும். எந்தச் சுவர் விழும் என்று வானிலை ஆய்வு மையத்தால் சொல்ல முடியாது. ஆனால் எப்படிப்பட்ட சுவர் விழும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுவருக்குள் இருப்பவருக்கு எட்டாயிரத்தைக் கொடுத்து அதே சுவரை மறுபடி எழுப்பச் சொல்வதை உதவி என்று சொல்ல முடியாது. அடுத்த மழைக்கும் நிற்கிற வீட்டைக் கட்டிக்கொள்ள வைப்பது தான் உதவி.